வெள்ளிக்கிழமை ஒட்டிய அச்சு

அந்த வெள்ளிக்கிழமை காலை கோயில் திடலில் இருந்தவர்கள் என் அண்ணன், கோயில் தலைவர், பூசாரி, ரதத்தின் சக்கரத்துக்குக் கட்டை போடுகிற மாமா, செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரோடு எங்கள் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் அவரவர் செம்போடு லயத்துப் பெண்கள். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா, அவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இன்னொருவன் நான்.

நான் பினாங்கில் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். வெல்டிங் அடிக்கும்போது இரும்புக்குள் என்ன மாறுகிறது என்று எக்ஸ்ரே வைத்துப் பார்ப்பதுதான் எனக்குக் கொடுத்த ஆய்வு. அதைப் பற்றி அம்மாவுக்கு ஒரு தடவை விளக்கியிருக்கிறேன். "இரும்புக்கு என்ன சீக்கு, எக்ஸ்ரே எடுக்க?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆகவே அந்தக் காலையைப் பற்றி நான் எழுதுவது எல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. அண்ணன் ஒரு மாதிரி சொன்னார், அம்மா ஒரு மாதிரி, மாமா ஒரு மாதிரி. மூன்றும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையில் இருந்தது. பாதித் தோட்டத்தை அப்போதே விற்றுவிட்டார்கள். பால்மரத்தைச் சாய்த்து செம்பனை நட்டார்கள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயமும் கோயிலும் மிஞ்சின. ஆடித் திருவிழாவுக்கு ரதம் உண்டு. அந்த வருடம் ரதத்தின் முன் அச்சு தேய்ந்து வளைந்துவிட்டது. புது அச்சு செய்ய வசதியில்லை. கமிட்டிக்காரர்கள் ஈப்போவில் பெசி பூரோக் கடைக்குப் போய், பழைய இரும்புக் குவியலில் கிளறி, இரண்டு லாரி அச்சுகளை வாங்கி வந்தார்கள். தனித்தனியாக இரண்டும் குட்டை. நடுவில் சேர்த்து ஒட்டினால் ரதத்துக்குச் சரியாக வரும். ஒட்டுவதற்குத்தான் என் அண்ணன் இருக்கிறாரே!

அண்ணன் ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில் வெல்டராக இருந்தார். லாரி சட்டம், ஈயம் தோண்டுகிற கப்பலின் வாளி, ஆலைக் கதவு எல்லாம் ஒட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி தவுக்கேயிடம் கேட்டு வெல்டிங் மெசினை வாடகை லாரியில் ஏற்றிக்கொண்டு சுற்று வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்வார். சொந்தமாக ஒரு மெசின் வாங்கிவிட்டால் பட்டறையை விட்டு வந்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். அதற்காகச் சேர்த்துக்கொண்டும் இருந்தார். கோயில் வேலைக்குக் கூலி கேட்கவில்லை. ஊரே வந்து பார்க்கும், அதுவே போதும் என்றார்.

இரண்டு அச்சின் முனைகளையும் பென்சில் சீவுகிற மாதிரி சீவி, நெருப்புக் காட்டிச் சூடாக்கி, ஒன்றுக்கு எதிராக ஒன்றை வைத்து அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு வந்தார். கோயில் பணத்தில் வாங்கிய வெல்டிங் குச்சி பிஸ்கட் டின்னில் கிடந்து ஈரம் கோத்திருந்தது. அடிக்கடி இரும்போடு ஒட்டிக்கொண்டு நின்றது. வெயிலில் காயவைத்துக் காயவைத்து அடித்ததில் நேரம் போய்விட்டது. ஒட்டி முடிந்ததும் அச்சை சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடுவது பட்டறை வழக்கம். ஏன் என்று தவுக்கே சொன்னதில்லை, அண்ணன் கேட்டதுமில்லை. ரப்பர் காயவைக்கிற புகைவீட்டிலிருந்து ஒரு சாக்கு சாம்பல் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருந்தார்.

தலைவர் கோயில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோராக இருந்தவர். நேரம் பார்ப்பது அவருக்குப் பழகிப்போன வேலை.

"டேய், ராகுகாலம் பத்தரைக்கு. முடிஞ்சுதா இல்லையா?"

"முடிஞ்சிருச்சு தலைவரே. சாம்பல்ல போட்டு வச்சா, மதியத்துக்கு மேல எடுத்து மாட்டிரலாம்."

"மதியத்துக்கு மேலயா? பூசை ஆவாத அச்சு ராகுகாலம் பூரா திடல்ல கெடக்கவா? நல்லாருக்குடா நீ சொல்றது."

அந்த வருடப் பிறப்பில்தான் நாடே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. முகூர்த்தம், ராகுகாலம் எல்லாம் பழைய நேரமா புது நேரமா என்று எங்கள் லயத்தில் மாதக்கணக்காகச் சண்டை. மாமா அதை விடுவாரா?

"அரசாங்கம் கடிகாரத்தத்தான் தள்ளி வச்சிச்சு, ராகுவையுமா தள்ளி வச்சிச்சு? பழைய நேரப்படி இப்பத்தான் பத்து மணிகூட ஆவல லா. பையன் ஆற வைக்கட்டும்."

"செவத்துல என்ன காட்டுதோ அதான்யா நேரம். நீ ஒரு நேரம், நான் ஒரு நேரம்னு வச்சிக்கிட்டா, மாப்பிள்ளை தாலி கட்டுறப்போ பொண்ணு தூங்கிக்கிட்டு இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தோடு அந்த வழக்கு தீர்ந்தது. பூசாரி சூடம் ஏற்றினார்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். ரதத்துக்குப் புதிதாக எதைச் செய்தாலும், செய்தவன் வீட்டுப் பெண்தான் முதல் செம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவாள். பிறகு மற்ற வீடுகள். தச்சர் வீட்டுக்கும் பெயிண்ட் அடிப்பவர் வீட்டுக்கும்தான் அதுவரை அந்த மரியாதை கிடைத்திருந்தது. எங்கள் வீட்டுக்கு அதுதான் முதல் தடவை. அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தார்.

ஒட்டிய இடம் சிவப்புப் போய்க் கறுத்திருந்ததே தவிர, சூடு குறையவில்லை. அம்மா செம்பைச் சாய்த்தார். 'சொய்' என்று சத்தம் கிளம்பி ஆவி எழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பிறகு வரிசையாக எல்லாச் செம்பும் கவிழ்ந்தன. அண்ணன் சாம்பல் சாக்கைப் பிடித்தபடி நின்றாராம். "அம்மா கையில செம்போட நிக்கிது. நில்லும்மானு எப்படிடா சொல்றது?" என்று பிறகு என்னிடம் கேட்டார்.

அம்மா வெகுநாள் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். "சாமி சத்தம் போட்டு ஏத்துக்கிச்சுடா."

திருவிழாவுக்கு நான் வந்திருந்தேன். சாயங்காலம் ரதம் கிளம்பியது. நாதஸ்வரம், வடத்தைப் பிடித்து இழுக்கிற ஆண்கள், முன்னால் தண்ணீர் தெளிக்கிற பெண்கள். ரதத்துக்கு பிரேக் கிடையாது. இறக்கத்தில் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருகி வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த வேலையைத்தான் மாமா வருடா வருடம் செய்தார். சக்கரத்தோடு சக்கரமாகக் குனிந்தபடியே நடப்பார். எங்களுக்கு ரத்த உறவு இல்லை, லயத்தில் பக்கத்து வீடு. காலையில் பால்மரம் சீவப் போகிறவர்.

பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டகையைத் தாண்டி சாலை சற்றுப் பள்ளமாகிற இடத்தில் முன்சக்கரம் இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. சாய்ந்த பிறகுதான் உடைந்தது தெரிந்தது. ரதம் இடது பக்கம் முட்டி போட்டது. அம்மன் விழவில்லை, மாலை மட்டும் சரிந்தது. எல்லாரும் அம்மனைத்தான் பார்த்தோம். மாமா கத்தவில்லை. "கால், கால்" என்று சாதாரணமாகச் சொன்னார், யாரோ தன் காலை மிதித்துவிட்ட மாதிரி. முழங்காலுக்குக் கீழே சக்கரம் ஏறியிருந்தது.

லாரியில் போட்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

அச்சு ஒட்டிய இடத்திலேயே விட்டிருந்தது. அதைப் பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை. மறுநாள் காலை தோட்டத்துக் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "வெல்டிங் வுட்டுப்போச்சு." ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "உங்கண்ணன் வாளி ஒட்டுறவன்லா, சாமி ரதம் ஒட்ட விட்டது தப்பு" என்றார். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார்.

கமிட்டி கூடியது. விஷயம் எளிது. அச்சு பழசாகி உடைந்தது என்றால் மாமாவின் செலவைக் கோயில் ஏற்கும். ஒட்டினதில் கோளாறு என்றால் ஒட்டியவன் ஏற்க வேண்டும். பணத்தைவிடப் பெரியது ஒன்று இருந்தது. அம்மன் ரதத்தைக் கவிழ்த்தவன் என்று பெயர் வந்துவிட்டால் அந்த வட்டாரத்தில் எந்தத் தோட்டமும் அண்ணனை வேலைக்குக் கூப்பிடாது. பிறகு மெசின் வாங்கி என்ன செய்வது?

அப்போது நான் எழுந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு துண்டு வெட்டிக் கொடுங்கள், பினாங்கில் மெசினில் வைத்துப் பார்த்தால் இரும்புக்குள் என்ன நடந்தது என்று தெரியும் என்றேன். சொல்லும்போது எனக்கு ரொம்ப நம்பிக்கை. நான்கு வருடம் படித்த படிப்பு கடைசியில் எங்கள் வீட்டுக்கே உதவப்போகிறது என்று நினைத்தேன்.

தலைவருக்குப் பிடித்துவிட்டது. "படிச்ச புள்ள பாத்துட்டு வரட்டும். அது சொல்றத வச்சி முடிவு பண்ணலாம்."

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "வேணாம்டா. விட்டுரு" என்றார். ஆனாலும் துண்டை அவர்தான் வெட்டிக் கொடுத்தார். சூடு ஏறக்கூடாது என்று நான் சொன்னதால் கைரம்பத்தில், தண்ணீர் விட்டு விட்டு அறுத்தார். ஒட்டிலிருந்து தள்ளி ஓரத்தில் சீராக அறுபட்டது. ஒட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் ரம்பம் வழுக்கியது. மாற்றி மாற்றி இரண்டு மூன்று அலகுகளின் பல் போனது. "கண்ணாடிய அறுக்கிற மாதிரி இருக்குடா" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்கு என்ன புரிந்தது என்று தெரியாது. எனக்குப் புரிந்துவிட்டது. மெசினில் வைப்பதற்கு முன்பே புரிந்துவிட்டது.

எக்ஸ்ரே என்றால் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயைத்தான் நினைப்போம். இது வேறு. இரும்புக்குள் அணுக்கள், நிரையில் நட்ட பால்மரம் போல, சம இடைவெளியில் அடுக்கடுக்காக நிற்கின்றன. தோட்டச் சாலையில் லாரியில் போனவர்களுக்குத் தெரியும்: சில கோணங்களில் மட்டும் மரங்கள் சட்டென்று ஒரே கோட்டில் விலகி, கடைசிவரை வழி திறக்கும், அடுத்த கணம் மூடிக்கொள்ளும். இரும்பில் விழுகிற எக்ஸ்ரேயும் அப்படித்தான், சில கோணங்களில் மட்டும் பலமாகத் திரும்பி வரும். அந்தக் கோணங்களை அளந்தால் நிரைகளின் இடைவெளி தெரியும். இடைவெளி தெரிந்தால் இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லலாம்.

லாரி அச்சு இரும்பில் கரி கொஞ்சம் கலந்திருக்கும். நன்றாகச் சூடேறும்போது அணுக்களின் அடுக்கு மாறி, கரிக்கு உள்ளே தாராளமாக இடம் கிடைக்கிறது. மெதுவாக ஆறினால் கரி வெளியேறி ஒதுங்கும், அடுக்கு பழையபடி அமையும். சட்டென்று ஆறினால் கரி வெளியே வர நேரமில்லாமல் மாட்டிக்கொள்ளும். அடுக்கு ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கும். அந்த நிலைக்கு மார்ட்டன்சைட் என்று பெயர். ரொம்பக் கடினம். ஆனால் வளையாது, உடையும்.

முதல் தடவை வைத்தபோது ஒன்றும் விளங்கவில்லை. மெசினில் எக்ஸ்ரேயை உண்டாக்குகிற குழாய் தாமிரம், அது இரும்புக்கு ஒத்துவராது. இரும்பே பதிலுக்கு ஒளிர்ந்து, கோணத்துக்குக் கோணம் மெசின் பேனா தாளில் வரைகிற கோடு முழுக்கப் புல் முளைத்த மாதிரி ஆகிவிட்டது. கோபால்ட் குழாய்க்கு மற்ற மாணவர்களோடு முறை வைத்துக் காத்திருந்தேன். அதை மாட்டிய பிறகு கோடு தெளிந்தது. அச்சின் ஓரத்துத் துண்டு கூர்மையான சிகரங்களைக் கொடுத்தது. ஒட்டுக்குப் பக்கத்துத் துண்டில் அதே சிகரங்கள் அகன்று, தோள் இறங்கி, ஒன்று இரண்டாகப் பிரியப் பார்த்தன. மார்ட்டன்சைட். வேறொன்றும் சொல்ல வழியில்லை.

தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு விரிவுரையாளரிடம் ஓடினேன். அவர் ஒரு சீனர், நிதானமானவர், அதிகம் பேசமாட்டார். கதையை முழுக்கக் கேட்டார். ஆங்கிலத்தில்தான் பேசினோம். தண்ணீர் ஊற்றினார்களா என்றார். ஆமாம் என்றேன். ஏன் என்றார். சாமிக்கு என்றேன். சரி என்று தலையாட்டினார். பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி மேசையில் வைத்து, நான் ஓடிவரும்போது யோசிக்காததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

தண்ணீரே படாவிட்டாலும் இது நடந்திருக்கலாம். ஒட்டுக்கு இரண்டு பக்கமும் தடித்த, சூடேறாத இரும்பு; அதுவே சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். நெருப்புக் காட்டியது போதாமல் இருந்திருக்கலாம். ஈரக் குச்சியிலிருந்து வாயு உள்ளே போய், கடினமான இடத்தில் விரிசல் விட்டிருக்கலாம். ஒன்றா, இரண்டா, எல்லாம் சேர்ந்தா என்று இந்தத் தாள் சொல்லாது. எப்படி நின்றது என்று சொல்லும். எப்படி அந்த நிலைக்கு வந்தது என்று சொல்லாது.

ஒட்டும்போதே, சூட்டோடு சூடாக, எக்ஸ்ரேயை அடித்துப் பார்க்க முடியாதா என்று கேட்டேன். வெளிநாட்டில் அப்படி முயன்று பார்க்கிறார்கள் என்றார். எங்கள் மெசின் ஒரு கோடு வரைய அரை நாள் எடுக்கும். கரி மாட்டிக்கொள்ள ஒரு மூச்சு விடுகிற நேரம் போதும். எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு மூச்சு. அது எங்கள் கோயில் திடலில் ஆவியாகப் போய்விட்டது. அதைப் பார்த்தவர்கள் குலவையிட்டார்கள்.

என்ன எழுத என்று கேட்டேன். வேகமாக ஆறியிருக்கிறது, காரணம் தெரியவில்லை என்று எழுது என்றார்.

கமிட்டிக் கூட்டம் கோயில் கொட்டகையில் நடந்தது. மாமாவும் வந்தார், கக்கத்தில் ஊன்றுகட்டையோடு. கூடவே அவருடைய மகன் பெரிய பழுப்பு உறையில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயைக் கொண்டுவந்திருந்தான். பெண்கள் ஒரு ஓரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவர்களுக்கு நடுவில்.

என் தாளை விரித்து வைத்தேன். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல அச்சு எங்கப்பா இருக்கு?"

"அச்சு தெரியாது தலைவரே. உள்ளுக்குள்ள அணு எப்படி அடுக்கியிருக்குன்னு..."

"மலை மலையா இருக்கு. குனோங் கந்தானா?"

கொட்டகை சிரித்தது. மாமாவின் மகன் உறையிலிருந்து படத்தை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தான். முறிந்த எலும்பு யாருக்கும் தெரிகிற மாதிரி தெரிந்தது.

"இது எக்ஸ்ரே" என்றார் ஒருவர். "பாத்த ஒடனே தெரியுது, எங்க ஒடஞ்சுதுன்னு. பினாங்கு எக்ஸ்ரேக்கு ஆள் வச்சி வெளக்கணும் போல."

"சும்மா இருங்கயா" என்றார் மாமா. "பையன் பேசட்டும்."

நான் பேசினேன். பால்மர நிரை உதாரணத்தைச் சொன்னேன். கரி மாட்டிக்கொள்வதைச் சொன்னேன். ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, அதனால்தான் உடைந்தது என்றேன். ஒட்டு சரியாகத்தான் பிடித்திருக்கிறது, அண்ணன் கைவேலையில் தப்பில்லை என்றேன். அதைச் சற்று உரக்கவே சொன்னேன்.

தலைவர் முட்டாள் இல்லை. "ஏன் கண்ணாடி மாதிரி ஆச்சு?"

"வேகமா ஆறிட்டதால தலைவரே."

"ஏன் வேகமா ஆறுச்சு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் மூன்று நான்கு பதில்கள் இருந்தன. எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அதில் ஒன்றைச் சொன்னால் எல்லாருக்கும் புரியும், அத்தனை பேரும் கண்ணால் பார்த்தது அது. பாயின் பக்கம் பார்த்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை ஆம்பளைகள் முன்னால் மகன் நின்று பேசுகிறான் என்கிற சந்தோஷம் முகத்தில் அப்படியே இருந்தது. நான் சொன்னது எதுவும் அவருக்குள் போயிருக்கவில்லை.

"பல காரணம் இருக்கலாம்" என்றேன். "ரெண்டு பக்கமும் தடிச்ச இரும்பு. அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம், அன்னிக்கு..."

"நான்தான் தலைவரே" என்றார் அண்ணன். தூணோரம் நின்றவர் முன்னால் வந்தார். "சாம்பல் போட்டு ஆற வைக்கணும். மறந்துட்டேன்."

மாமா தலையைத் தூக்கினார். அன்று திடலில் ராகுகாலத்துக்காகத் தலைவரோடு மல்லுக்கு நின்றவர் அவர்தான்.

"மறந்தியா?"

"மறந்துட்டேன் மாமா."

"சாக்கு ஒங் கையிலதானடா இருந்திச்சு?"

"இருந்திச்சு. மறந்துட்டேன்."

மாமா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். பூசாரி எழுந்து விளக்குத் திரியைத் தூண்டப் போனார், விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

நான் விடவில்லை. அது மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது, இந்தத் தாளை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று ஆரம்பித்தேன். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். குரலில் கோபம் இல்லை.

"தம்பி, ஒக்காருப்பா. நீ கேட்ட மாதிரியே எல்லாம் செஞ்சோம். மெசின் வேகமா ஆறிருச்சுன்னு சொல்லுது. ஒங்கண்ணன் ஆமாங்கிறான். ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? இதுக்கு மேல என்ன?"

உண்மைதான். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. நான் கொண்டுவந்த தாள் அண்ணன் சொன்னதற்குச் சாட்சியாகத் தலைவர் முன்னால் கிடந்தது.

திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் அண்ணன் ஓட்டினார். சந்திக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க? நீங்க மறக்கலியே."

"பின்ன என்னடா சொல்றது? அம்மா ஊத்துன தண்ணிதான்னா? அப்புறம் அது அந்தக் கோயில் வாசல மிதிக்குமா? மாமா வீடு ஒரே செவரு. தெனம் அந்தக் காலப் பாத்துக்கிட்டு எப்படி இருக்கும்?"

"தண்ணிதான்னு நிச்சயமாத் தெரியாதுண்ணே."

"ஒன் மெசின் சொல்லலியா?"

"சொல்லாது."

"குச்சி ஈரம்னு சொல்லுதா?"

"அதையும் சொல்லாது."

"அப்ப நான் சொன்னது பொய்யினும் சொல்லாதுல்ல?"

"சொல்லாது."

"அப்புறம் என்னடா? வா, போலாம்" என்று வண்டியை உதைத்தார்.

வீட்டில் அம்மா சோறு போட்டார். நான் குனிந்தே சாப்பிட்டேன்.

"மெசின்ல என்னடா தெரிஞ்சுச்சு? எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"இரும்பு தெரிஞ்சுச்சும்மா."

"அவன்தான் சாம்பல மறந்துட்டான்" என்றார் அம்மா, அண்ணனைப் பார்த்துக் குறைபட்டபடி. "நான் ஊத்துறப்போ பக்கத்துலதானே நின்னே, அப்பவாவது ஞாவகம் வரக்கூடாது?" அண்ணன் சிரித்துக்கொண்டே கைகழுவப் போனார். நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் பயந்திருக்கலாம். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது எதுவும் இல்லை.

பக்கத்துத் தோட்டத்தில் பாலத்துக்குக் கம்பிக் கைப்பிடி ஒட்டுவதாக இருந்த வேலை வேறு ஆளுக்குப் போனது. பிறகு அண்ணனை யாரும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கூப்பிடவில்லை. பட்டறையிலேயே இருந்துவிட்டார். என் ஆய்வுக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். எங்கள் ரத அச்சின் கோட்டை அதில் ஒரு பக்கத்தில் ஒட்டியிருந்தேன். கீழே விரிவுரையாளர் சொன்ன வாசகமே இருந்தது.

மாமாவின் கால் கூடினாலும் மேட்டு நிரைகளில் ஏற முடியவில்லை. அவர் மறுபடி மரம் சீவப் போகும்வரை அவருடைய மாதச் சம்பளம் எங்கள் பொறுப்பு. முழுசாக ஒரே துண்டில் புது அச்சு, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த லாரி, பரிகாரப் பூசை ஆகியவையும் எங்கள் தலையில். மெசினுக்குச் சேர்த்த பணம் முதலில் போனது. பிறகு அம்மாவின் சங்கிலி ஈப்போ அடகுக் கடைக்குப் போய், திரும்பவில்லை. மிச்சத்தை அண்ணன் தவுக்கேயிடம் முன்பணமாக வாங்கி, சம்பளத்தில் கழித்தார். சம்பள நாளில் அம்மாவே அந்தப் பணத்தை மாமா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். "மூத்தவன் மறந்ததுக்கு" என்று சொல்லித்தான் கொடுப்பார். மாமா ஒரு தடவைகூட அதை மறுத்துப் பேசவில்லை. வாங்கி மனைவியிடம் நீட்டுவார்.

எல்லாம் தீர்ந்தபோது அண்ணன் கூட்டிப் பார்த்தார். இரண்டாயிரத்து நூற்று நாற்பது வெள்ளி.